மாப் செய்யப்பட்ட கார்

கற்பிட்டிப் பக்கத்துக் கரைத்தீவுக்கு வந்து ஸலாஹுதீன் வீடு எது என்று கேட்டால் மூன்று வீடுகளைக் காட்டுவார்கள். பேப்பர் ஸலாஹுதீன் வீடு என்று கேட்டால் ஒன்றைத்தான் காட்டுவார்கள். வயது நாற்பத்தேழு. தொழில் வாடகைக் கார் ஓட்டுவது. போன வருடத்துக்கு முந்திய டிசம்பர் வரை அவரிடம் இருந்த ஒரே அசையும் சொத்து அந்தக் கார்தான். இப்போது அவருடைய ஒரே அசையாச் சொத்தும் அதுதான். இந்த முன்னேற்றம் எப்படி ஏற்பட்டது என்பதை, சொந்தமாக வாகனம் வைத்திருப்போரும் பிறருடைய வாகனத்தில் மோதுவோரும் அறிந்திருப்பது நல்லது.

அவருக்குப் பட்டப்பெயர் வந்த காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு, மன்னார்த் தீவை விட்டு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று துப்பாக்கிக்காரர்கள் அறிவித்தபோது ஸலாஹுதீனுக்குப் பதினொரு வயது. ஊரே அழுதுகொண்டிருக்க, அவருடைய வாப்பா மட்டும் நிதானமாக நடந்துகொண்டார். ஜன்னல்களைச் சாத்தினார். அலுமாரியைப் பூட்டினார். வீட்டைப் பூட்டினார். சாவிகளை இடுப்பு வாரில் செருகிக்கொண்டு பிள்ளைகளோடு படகேறினார். கற்பிட்டிக் கரையில் இறங்கி, ஈரச் சாரத்தைப் பிழிந்துகொண்டு நின்ற நேரத்தில், காணி உறுதி எங்கே என்று உம்மா கேட்டார். அது அலுமாரிக்குள் மிகவும் பத்திரமாகப் பூட்டப்பட்டிருந்தது.

வருடங்கள் கழித்து வாப்பா திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை, அலுமாரி நின்ற அறையும் இல்லை. காணி உங்களுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கந்தோரில் கேட்டார்கள். வாப்பா சாவியைக் கொடுத்தார். அதிகாரி அதை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, நல்ல சாவி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து ஸலாஹுதீன் கடதாசியை நம்பத் தொடங்கினார். ஒரு பெரிய பிஸ்கட் டின் வாங்கி, அடியில் வாப்பாவின் அலுமாரிச் சாவியை வைத்து, மேலே கடதாசிகளை அடுக்கினார். அகதி அட்டை, கூப்பன் அட்டை, மூன்று பிரதியெடுத்த பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, தொண்ணூற்றெட்டில் வாங்கித் தொண்ணூற்றொன்பதில் களவுபோன சைக்கிளின் பற்றுச்சீட்டு. நிக்காஹ் முடிந்து கையொப்ப மை காய முன்னரே, பொறுங்க, ஒரு போட்டோகொப்பி எடுத்திட்டு வாறன் என்று மாப்பிள்ளைக் கோலத்தில் சைக்கிளேறிச் சந்திக்குப் போன ஒரே மாப்பிள்ளை அந்த வட்டாரத்தில் அவர்தான். மர்ஷூதா அன்று மணப்பெண்ணாக அரை மணிநேரம் காத்திருந்தார். அதை அவர் இன்னும் மறக்கவில்லை.

கார் பழையது. ஆலங்குடாக் கடலில் பட்டத்தைப் பிடித்துப் பலகையில் சறுக்கும் கைட் விளையாட்டுக்கு வரும் வெள்ளைக்காரர்களை விமான நிலையத்திலிருந்து ஏற்றிவருவதும், அவர்களுடைய பலகைகளையும் சுருட்டிய கைட்டுகளையும் கூரைக் கெரியரில் கட்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோவதும் அதன் வேலை. கடலோர விடுதி ஒன்றின் முதலாளி வேறு எவரையும் கூப்பிடாமல் ஸலாஹுதீனையே கூப்பிட்டு வந்தார். காரணம் எளியது. வெள்ளைக்காரன் காரில் தவறவிட்ட ஒற்றைச் செருப்பைக்கூட, பெற்றுக்கொண்டேன் என்று கையொப்பம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கிறவர் அவர்.

டிசம்பர் மாதத்து ஒரு காலை. ஆலங்குடாவில் ஆட்களை இறக்கிவிட்டு வெறுங்காரோடு வந்துகொண்டிருந்தார். குறிஞ்சிப்பிட்டிப் பக்கத்தில் வீதிக்கு நடுவே ஒரு கழுதை நின்றது. இந்தப் பகுதியில் கழுதைகள் வீதியில் நிற்பது புதினமல்ல, அவை போவதுதான் புதினம். ஸலாஹுதீன் காரை நிறுத்தினார். நான்கு சிக்னல் விளக்குகளையும் போட்டார். பின்னால் மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டியோடு வந்த கதிரவேலுவும் நிறுத்தினார். உடப்பிலிருந்து வந்து மீன் எடுத்துப் போகும் வியாபாரி அவர். கழுதை இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் யோசனையைத் தொடர்ந்தது.

அப்போதுதான் மஸாஹிர் ஹாஜியாரின் பிக்கப் வந்தது.

ஹாஜியாரைப் பற்றி ஒரு வார்த்தை. இறால் பண்ணை வைத்திருப்பவர். பள்ளிவாசல் நிர்வாகத்தின் தலைவர். ஒவ்வொரு வருடமும் நோன்புக்கு முன்னர் மக்காவுக்கு உம்ராப் பயணம் போகிறவர். வாகனம் ஓட்டும்போது போனை எடுக்காமல் விட்டால் அழைத்தவர் மனம் நோகும் என்று நினைக்கும் இரக்க சுபாவம் உள்ளவர். அந்த இரக்கத்தோடு அவர் கதிரவேலுவின் மோட்டார் சைக்கிளை விலத்தி வந்து காரின் பின்பக்கத்தை முன்பக்கத்துக்குக் கொண்டுபோனார். கார் பாய்ந்து மதகுக் கட்டில் முட்டி நின்றது. கழுதை, எழும்பிய புழுதி பிடிக்காமல் வேலிப்பக்கம் போய்விட்டது.

ஹாஜியார் இறங்கினார். போன் இன்னும் காதில்தான்.

"பொறுங்க, பிறகு எடுக்கிறன். இங்க ஒரு கழுத குறுக்க வந்திட்டுது."

கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கிய ஸலாஹுதீன் சொன்னார். "கழுத எனக்கு முன்னால ஹாஜியார். உங்களுக்கு முன்னால நான்."

"அதத்தான் தம்பி கேக்கிறன். நீங்க என்னத்துக்கு நிண்டீங்க?"

"கழுத நிண்டிச்சி."

"கழுத நிண்டா நீங்களும் நிக்கிறதா?"

கதிரவேலு மோட்டார் சைக்கிளை விட்டிறங்கி வந்தார். ஸலாஹுதீனை அவர் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார். "ஹாஜியார், கழுத நிண்டிச்சி. நானா நிண்டார். நானும் நிண்டன். நிக்காதது நீங்க ஒராள்தான்."

அதற்குள் மர்ஷூதாவுக்குச் செய்தி போய், கட்டாரில் இருந்த அவருடைய தம்பி ஆகிப்புக்குப் போய், அங்கிருந்து குரல்செய்திகள் வரத் தொடங்கின. ஆகிப் தோஹாவில் பதினான்கு வருடமாகச் சாரதி. விபத்துச் சட்டம் தெரிந்தவர்.

"மச்சான், காரை அசைக்க வேணாம். எல்லாப் பக்கத்தாலயும் படம் எடுங்க. சக்கரம் இழுத்த கோட்டையும் எடுங்க. சாட்சிக்காரன்ட பேரு, நம்பர் எடுங்க. அவர் இப்பவே முடிச்சிக்கிடுவம் எண்டு சொல்லுவார், ஓம் எண்டு சொல்லிடாதீங்க."

இரண்டாவது செய்தி இன்னும் நீளம்.

"மச்சான், இதத்தான் மெயினாக் கேக்கணும். வாய் தவறியும் சொறி எண்டு சொல்லிடாதீங்க. மன்னிப்புக் கேட்டவன்தான் பிழகாரன் எண்டு எழுதிடுவானுகள். வெள்ளக்காரன் உங்கட கால மிதிச்சாலும் நீங்கதான் சொறி சொல்ற. அந்தப் பழக்கத்த இண்டைக்கு மட்டும் விடுங்க. மாப் கேக்கவே கூடாது. கேட்டா முடிஞ்சி."

ஸலாஹுதீன் கீழ்ப்படிந்தார். ஹாஜியாரின் முழங்கையில் இரத்தம் கசிவதைக் கண்டபோது ஐயோ என்று வந்த சொல்லை விழுங்கினார். ஹாஜியார் நெஞ்சில் கைவைத்து ஸலாம் சொன்னபோது, பதில் சொன்னால் அது பிழையை ஒப்புக்கொண்டதாகுமோ என்று ஒரு கணம் யோசித்தார். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை என்பதால் சொன்னார், ஆனால் சுருக்கமாகச் சொன்னார்.

"பொலிஸ் என்னத்துக்கு தம்பி? நான் பாத்துச் செய்து தாரன்," என்றார் ஹாஜியார்.

"அத ஒரு துண்டுல எழுதித் தாங்க ஹாஜியார்."

"என்ட வாய்ப்பேச்சுப் போதாதா?"

வாப்பாவின் சாவி ஸலாஹுதீனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பொலிஸுக்குப் போன் எடுத்தார்.

அதன் பிறகு இரண்டு மாதங்களுக்கு அவர் தன் நலன்களைப் பாதுகாத்த விதம், பாடப்புத்தகத்தில் சேர்க்கத் தக்கது. பொலிஸ் நிலையத்தில் சார்ஜன் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுத ஆரம்பித்தார். ரெண்டு நிமிஷத்தில் முடியும், உங்களுக்குத்தான் சிங்களம் நல்லாத் தெரியுமே என்றார்.

"சிங்களத்துல கதைக்கத் தெரியும் மாத்தயா. கையொப்பம் வைக்கத் தெரியாது."

தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் வரும்வரை நான்கு மணித்தியாலம் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, 'சடுதியாக நிறுத்தினேன்' என்றிருந்ததை 'நிறுத்தியிருந்தேன்' என்று வெட்டித் திருத்தி, வெட்டிய இடத்திலும் கையொப்பம் வைத்தார். நாற்பத்தொரு படங்களைக் கழுவி எடுத்தார். அவற்றில் இரண்டு கழுதையின் படங்கள், ஒன்று முன்பக்கம், மற்றது பக்கவாட்டில். கதிரவேலு இரண்டு தடவை மீனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பொலிஸுக்கு வந்து சாட்சி சொன்னார். இரண்டாவது தடவை மீன் கெட்டுவிட்டது. கராஜ்காரரின் அறிக்கை, வாகனப் பரிசோதகரின் அறிக்கை, கழுத்துக்குப் பட்டி போட்ட டொக்டரின் துண்டு எல்லாம் சேர்ந்ததில் பிஸ்கட் டின் மூட மறுத்தது. இரண்டாவது டின் ஒன்று வாங்கப்பட்டது. அதன் பற்றுச்சீட்டு அதற்குள்ளேயே போடப்பட்டது.

ஹாஜியார் தரப்பு வாதம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் கழுதையின் பிழை. பிறகு கழுதைக்கு நின்றவரின் பிழை. கடைசியில், பிழை என்று ஒன்று நடந்ததா என்பதே சந்தேகம். பிழை என்னுடையது என்று அவர் ஒரு வரி எழுதிக் கையொப்பம் வைத்தால் அவருடைய காப்புறுதிக் கம்பனி காரைத் திருத்திக் கொடுத்துவிடும். அவருக்குச் செலவே இல்லை. ஆனால் ஒல்லாந்தர் காலத்திலிருந்து அவருடைய குடும்பத்தில் எவரும் பிழை என்னுடையது என்று எழுதியதில்லை. அதைத் தன் காலத்தில் ஆரம்பித்து வைக்க அவர் விரும்பவில்லை.

ஸலாஹுதீனுக்குத் தவணை ஒன்று இருந்தது. விடுதி முதலாளி நல்ல மனிதர். "பெப்ரவரி முடியிறவரைக்கும் வேற ஆளப் போட மாட்டன். அதுக்குள்ள காரைக் கொண்டு வாங்க," என்று சொல்லியிருந்தார். பெப்ரவரி பாதியில் சார்ஜன் அழைத்தார். வியாழக்கிழமை இரண்டு தரப்பும் வர வேண்டும். சாட்சியம் எல்லாம் நேராக இருக்கிறது. ஹாஜியார் ஏற்றுக்கொண்டால் காப்புறுதி, ஏற்காவிட்டால் வழக்கு. எப்படிப் பார்த்தாலும் கார் எழும்பும். ஸலாஹுதீன் அன்று மர்ஷூதாவுக்கு ஒரு பெட்டி தொதல் இனிப்பு வாங்கி வந்தார். பற்றுச்சீட்டு எடுக்க மறந்தார். அவருடைய வாழ்க்கையில் நடந்த முதல் கவனக்குறைவு அது.

திங்கட்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு படலை திறந்தது. வெள்ளைத் தொப்பி, வெள்ளை உடுப்பு, அத்தர் வாசம். முன்னால் மஸாஹிர் ஹாஜியார். பக்கத்தில் பள்ளிவாசல் செயலாளர். பின்னால் ஹாஜியாரின் மகன் றிஸ்கான், கையில் போனை உயர்த்திப் பிடித்தபடி. புனிதப் பயணத்துக்குப் போகிறவர் புறப்பட முன்னர் வீடு வீடாகப் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளுக்கு மாப் கேட்பது இந்தக் கரையின் வழக்கம். கேட்கப்பட்டவர் மாப் செய்துவிட்டேன் என்பார். உடனேயே, நீங்களும் என்னை மாப் செய்யுங்கள் என்று திருப்பிக் கேட்பார். பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை எவராவது முடியாது என்று சொன்னதாக இதுவரை தகவல் இல்லை. முடியாது என்பதை எந்த வார்த்தையால் சொல்வது என்பதும் ஒருவருக்கும் தெரியாது.

ஆகிப் கட்டாரிலிருந்து மாப் கேட்காதீங்க என்றுதான் சொல்லியிருந்தார். மாப் கொடுப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஹாஜியார் கதிரையில் உட்காரவில்லை. ஸலாஹுதீனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நாளைக்குப் பயணம். போனா வருவனோ, அங்கயே மௌத்தாப் போவனோ, அல்லாஹ்தான் அறிவான். தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழ செஞ்சீந்தா அல்லாஹ்வுக்காக மாப் செஞ்சிடுங்க."

"ஹாஜியார், மத்ததெல்லாம் சரி. அந்தக் கார் விஷயம்..."

"கார், கழுத, எல்லாத்தையும் சேத்துத்தான் தம்பி கேக்கிறன். துனியாட பாரத்தத் தூக்கிக்கிட்டு அல்லாஹ்ட வீட்டுக்குப் போக ஏலுமா?"

ஹாஜியார் அழுதார். நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. அவர் எந்த உம்ராவுக்கும் பொய்யாக அழுததில்லை. செயலாளரும் கண்ணைத் துடைத்தார். குசினி வாசலில் மர்ஷூதா ஒரு சட்டி மூடியைச் சீமெந்துத் தரையில் போட்டார். அது தவறி விழவில்லை. அந்த நேரத்தில் ஒரு சட்டத்தரணி இருந்திருந்தாலும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்.

ஸலாஹுதீனின் மூளை இரண்டு டின்களையும் நாற்பத்தொரு படங்களையும் பார்த்தது. ஆனால் வாய் என்பது வேறு ஒருவர் வளர்த்த பிள்ளை. அது சிறுவயதிலிருந்து கேட்டதையே சொன்னது.

"மாப் செஞ்சிட்டன் ஹாஜியார்."

இரண்டாவது வாக்கியம், வழக்கத்தின்படி, முதலாவதோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

"நீங்களும் என்னய மாப் செஞ்சிடுங்க."

"நானும் மாப் செஞ்சிட்டன் தம்பி!" ஹாஜியார் ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை. கட்டித் தழுவினார். றிஸ்கானின் போன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. குடும்பத்தாரின் வட்ஸ்அப் குழுமத்துக்கு அனுப்ப ஒவ்வொரு வீட்டிலும் எடுத்த மாதிரித்தான் அங்கும் எடுத்தார்.

அவர்கள் போன பிறகு மர்ஷூதா மூடியைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

"அவர் கேட்டார், நீங்க குடுத்தீங்க. சரி. நீங்க என்னத்துக்கு அவருக்கிட்ட மாப் கேட்டீங்க? நீங்க என்ன செஞ்சீங்க அவருக்கு? முன்னால நிண்டதா?"

"வாயில வந்திட்டுது புள்ள. உம்ராக்குப் போறவருக்கிட்ட இல்ல எண்டு எப்பிடிச் சொல்ற?"

"இல்ல எண்டு ஆர் சொல்லச் சொன்ன? பொறுங்க, ஒரு போட்டோகொப்பி எடுத்திட்டு வாறன் எண்டு போயிருக்கலாமே. நிக்காஹ்வுல என்னயப் போட்டிட்டுப் போனீங்கதானே."

வியாழக்கிழமை ஹாஜியார் மக்காவில் இருந்தார். பொலிஸ் நிலையத்துக்கு றிஸ்கான் வந்தார். கையில் போன் மட்டும். ஸலாஹுதீன் இரண்டு டின்களையும் மேசைமேல் வைத்தார். சார்ஜன் அவற்றை மரியாதையாக ஒரு பக்கம் நகர்த்திவிட்டு வீடியோவைப் பார்த்தார். தமிழ்க் கான்ஸ்டபிள் வரி வரியாகச் சொல்ல, இன்னொரு தடவை பார்த்தார்.

"அவர் உங்களிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கார்," என்றார் கான்ஸ்டபிள், சார்ஜன் சொன்னதைத் தமிழாக்கி. "நீங்களும் அவரிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கீங்க. அப்ப ரெண்டு பேர்லயும் பிழை இருக்கு. ரெண்டு பேரும் மன்னிச்சும் இருக்கீங்க. பிறகென்ன?"

"மாத்தயா, அது பயணம் போறவங்களோட கதைக்கிற முறை. எல்லாரும் எல்லாருக்கிட்டயும் சொல்ற. அது காருக்கு இல்ல."

"கார், கழுதை எல்லாத்துக்கும் சேத்து எண்டு சொல்றாரே. இருபத்தி மூணாவது செக்கன்ல."

கழுதை என்ற சொல்லைச் சார்ஜன் சிங்களத்தில் இன்னொரு முறை கேட்டுச் சிரித்தார். பிறகு கோப்பை மூடினார். சமாதானம் என்று எழுதிக் கையொப்பம் கேட்டபோது ஸலாஹுதீன் மறுத்துவிட்டார். அதனால் 'சமாதானமடைந்தார், கையொப்பமிட மறுத்தார்' என்று எழுதப்பட்டது. ஹாஜியாரின் காப்புறுதிக் கம்பனியிலிருந்து பத்து நாளில் கடிதம் வந்தது. நல்ல தமிழ். இரு தரப்பினரும் பரஸ்பரம் தவறை ஏற்றுக்கொண்டமைக்கான காணொளி ஆதாரம் கிடைத்துள்ளமையால் கோரிக்கையைப் பரிசீலிக்க இயலாமைக்கு வருந்துவதாகவும், அவர்களுடைய நல்லிணக்கத்தைப் பாராட்டுவதாகவும் அதில் இருந்தது. அதுவும் டின்னுக்குள் போனது.

மௌலவியைத் தனியாகச் சந்தித்துக் கேட்டார். மௌலவி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அடுத்தவருடைய ஹக்கை, அதாவது அவருக்குச் சேர வேண்டியதை, திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் மாப் கேட்க வேண்டும், அதுதான் மார்க்கம் என்று தெளிவாகச் சொன்னார். அதை வெள்ளிக்கிழமை ஜும்ஆப் பிரசங்கத்தில் சொல்வீர்களா என்று கேட்டதற்கு, இந்த மாதம் நோன்பின் சிறப்பைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றார். அவருக்குச் சம்பளம் கொடுக்கும் நிர்வாகத்துக்குத் தலைவர் யார் என்பதை வாசகர் மறந்திருக்க மாட்டார்.

கதிரவேலு வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே கதைத்தார். இறங்கவில்லை.

"நானா, மாப் குடுத்திட்டீங்களாம்."

"ஓம் தம்பி. அது..."

"என்ட ஒரு பெட்டி பாரை புழுத்துப் போச்சு. அதுக்கும் சேத்துக் குடுத்தீங்களா, இல்ல அது தனியவா?"

ஸலாஹுதீன் வாய் திறக்க முன்னர் கதிரவேலு கையை உயர்த்தினார். "வேணாம் நானா. என்னட்ட மாப் மட்டும் கேட்டிடாதீங்க. உங்கட ஆக்கள்ட மாப் கொஞ்சம் விலை கூட."

ஆகிப்பின் குரல்செய்தி கடைசியாக வந்தது. பெரும்பகுதி மூச்சுச் சத்தம்தான். "கேக்கக்கூடாது எண்டு சொன்னன். குடுக்கக்கூடாது எண்டு சொல்லல்ல மச்சான். அத நான் நெனச்சே பாக்கல்ல. கட்டார்ல அப்பிடி ஒரு கேஸ் வந்ததே இல்ல."

பெப்ரவரி முடிந்தது. விடுதிக்காரர் வேறு ஒருவருடைய வேனைப் பிடித்துக்கொண்டார். கார் கராஜிலிருந்து இழுத்துவரப்பட்டு வீட்டு முற்றத்துத் தென்னைக்கடியில் தார்ப்பாய் போட்டு மூடப்பட்டது. சில நாட்களில் ஒரு கழுதை அந்த நிழலுக்கு வந்து படுக்கப் பழகியது. ஸலாஹுதீன் டின்னைத் திறந்து இரண்டு படங்களையும் எடுத்து, முன்பக்கமும் பக்கவாட்டும் ஒப்பிட்டுப் பார்த்தார். அதே கழுதைதான்.

ஹாஜியார் திரும்பி வந்து ஒரு சின்னப் போத்தல் ஸம்ஸம் தண்ணீரும் ஏழு பேரீச்சம்பழமும் கொடுத்தனுப்பினார். பிறகு ஆளனுப்பிக் கூப்பிட்டார். தன் பிக்கப்புக்குச் சாரதி இல்லை என்றார். தனக்கு இனி ஓட்ட விருப்பமில்லையாம், வீதியில் நிற்கிறவர்கள் கவனமில்லாமல் நிற்கிறார்களாம். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மனிதன் பல வாகனங்களை ஓட்டுவான். ஸலாஹுதீன், தன் காரை உடைத்த பிக்கப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். முன் பம்பரில் தன் காரின் நீலப் பெயின்ற் ஒரு கீறல் இருந்தது. ஒவ்வொரு காலையும் அதைக் கழுவினார். பெரிய மனம், முட்டினவனையே கூப்பிட்டு வேலை குடுத்திருக்கார் என்று பள்ளிவாசல் படியில் ஹாஜியாரைப் புகழ்ந்தார்கள். யார் யாரை முட்டியது என்பது அதற்குள் அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. அல்லது மாப் செய்யப்பட்டுவிட்டது.

ஒரு வருடம் இப்படி ஓடியது. அடுத்த உம்ராவுக்கு முன்னர் ஹாஜியார் வீடு வீடாகப் போனார். தன் சாரதியிடம் மட்டும் போகவில்லை. சாரதி கூடவே இருக்கிறவர்தானே, போகிற இடத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

பயண நாள் காலையில் ஹாஜியாரும் மனைவியும் பின்னால் இருக்க, முன்னால் றிஸ்கான் இருக்க, பிக்கப் விமான நிலையத்துக்குப் புறப்பட்டது. குறிஞ்சிப்பிட்டியில் வீதி நடுவே ஒரு கழுதை. ஸலாஹுதீன் நிறுத்தினார். நான்கு சிக்னலும் போட்டார்.

"நேரமாகுது தம்பி. ஹோன் அடிச்சிட்டுப் போங்க."

"நிக்கிறது கழுத ஹாஜியார். நான் நிக்கல்ல எண்டா பிழ எனக்கு."

றிஸ்கான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கழுதை போனபின் பிக்கப் போனது.

விமான நிலையத்தில் பெட்டிகளை இறக்கித் தள்ளுவண்டியில் அடுக்கிய பிறகு ஹாஜியார் ஸலாஹுதீனின் இரண்டு கைகளையும் பிடித்தார். கண்கள் கலங்கின. றிஸ்கான் போனை உயர்த்தினார்.

"தம்பி, போனா வருவனோ தெரியா. தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழ செஞ்சீந்தா, அல்லாஹ்வுக்காக மாப் செஞ்சிடுங்க."

ஸலாஹுதீன் மெதுவாகக் கைகளை விடுவித்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த வெள்ளைத்தாள் ஒன்றையும் பேனையையும் எடுத்து, பிக்கப்பின் பொனெற்றில் தாளை விரித்து, மேலே திகதியை எழுதினார்.

"ஓம் ஹாஜியார், செய்றன். என்னென்ன பிழ எண்டு ஒவ்வொண்டா இதுல எழுதி, கீழ கையொப்பம் வைங்க. வாசிச்சிட்டு மாப் செய்றன்."

ஹாஜியார் தாளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மகன் போனைக் கீழே இறக்கியிருந்தார்.

"இது என்ன தம்பி கத? பிளைட்டுக்கு நேரமாகுது."

"கன நேரம் எடுக்காது. தெரிஞ்சத மட்டும் எழுதுங்க. தெரியாதத நான் பாத்துக்கொள்றன்."

வரிசையில் நின்ற இன்னொரு உம்ராக் குழு இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. ஹாஜியாரின் மனைவி, "எழுதிக் குடுங்களே," என்றார், மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு. ஹாஜியார் பேனையைக் கையில் எடுத்தார். எடுத்தது உண்மை. தாளுக்கு மேலே அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதைப் பொனெற்றில் வைத்துவிட்டு, "றிஸ்கான், சாவிய வாங்கு," என்று சொல்லித் தள்ளுவண்டியைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

ஸலாஹுதீன் சாவியைக் கொடுத்தார். கொடுத்ததற்குக் கையொப்பம் கேட்டார். றிஸ்கான் கொடுக்கவில்லை.

புத்தளம் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து கற்பிட்டி பஸ்ஸில் ஏறி, பின்நேரம் வீட்டுக்கு வந்தார். அவர் மேசையில் வைத்த தாளை மர்ஷூதா எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். மேலே திகதி மட்டும் இருந்தது.

"ஒண்டும் எழுதல்லயா?"

"இல்ல."

"மாப்?"

"இல்ல."

மர்ஷூதா அலுமாரிக்கு மேலிருந்து டின்னை இறக்கி, திறந்து, தாளை மடிக்காமல் மேலாக வைத்தார். பிறகு கையை நீட்டினார்.

"பஸ் டிக்கட்டையும் தாங்க."